சபை பாடட்டும்

ஆலய வழிபாட்டில் இசைக்கு உள்ள இடத்தைப் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். தஞ்சாவூருக்கு அருகில் ஒரு லுத்தரன் சபையின் பாடகர் குழுவை நடத்திவரும் 27 வயது வயலின் கலைஞர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: நீங்கள் திருவையாற்றில் கருநாடக இசை பயின்றவர் என்று அறிந்தேன். அங்கே சொல்லிக்கொடுக்கும் உருப்படிகளில் பெரும்பாலானவை இராமனையும் முருகனையும் அம்பாளையும் பாடுபவை. கிறிஸ்தவப் பெண்ணாகிய உங்களுக்கு அது சங்கடமாக இருக்கவில்லையா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: சங்கடம் இருக்கத்தான் செய்தது, ஐயா. எனக்கு 11 வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு விஜயதசமி நாளின் காலையில் அப்பா என்னை வண்டியில் உட்கார வைத்து, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் கடந்து, ஒரு வயலின் வித்துவானின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கூடத்தில் சரசுவதி படத்தின் முன்னால் தட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இருந்தன. அப்பா உள்ளே வரத் தயங்கி நடையிலேயே நின்றுவிட்டார். வாத்தியார் அதைக் கவனித்தார். "நீங்க கும்பிடற முறைப்படி ஒரு ஜெபம் பண்ணிட்டுப் பாப்பாவ உக்காரச் சொல்லுங்க. எனக்கு வேண்டியது கையில சுருதி நிக்கணும், அவ்வளவுதான்" என்றார். அப்பா கண்களை மூடிக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னார். அது முடியும்வரை அந்த வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் இசை வாழ்க்கை அந்த ஜெபத்தில்தான் தொடங்கியது.

அதன்பின் ஓராண்டுக்கு மேல் எனக்குக் கிடைத்தவை சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகளே. மாயாமாளவகௌளை இராகத்தின் ஏழு சுரங்களுக்குச் சமயம் ஏதும் கிடையாது. சாகித்தியம், அதாவது பாடலின் சொற்கள், வந்தபோதுதான் கேள்வியும் வந்தது. எங்கள் சபையில் மூப்பர் ஒருவர், பிள்ளை அந்நிய தேவர்களைப் பாடுகிறது என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று நான் சொல்லக்கூடியது இதுதான்: தியாகராசர் தம் இராமனிடம் உருகி முறையிடும்போது அது அவருடைய ஜெபம். ஒருவர் ஜெபம் செய்யும் இடத்தில் நான் மரியாதையோடு தலைகுனிந்து நிற்க முடியும். அந்த ஜெபத்தை என்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை, இகழவும் வேண்டியதில்லை. அந்த உருப்படிகளை வயலினில் முழு மனத்தோடு வாசிக்கிறேன். ஆலயத்தில் என் சொந்த விண்ணப்பத்தைப் பாடுகிறேன். ஒரு மனிதர் கடவுளிடம் எவ்வளவு உரிமையோடு பேசலாம் என்பதை நான் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்தும் கற்றேன், வாத்தியார் வீட்டுக் கூடத்திலிருந்தும் கற்றேன்.

இந்த உறவு எங்கள் பக்கத்தில் புதியதும் அன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), இரண்டாம் சரபோஜி மன்னரோடு ஒரே ஆசிரியரிடம் பயின்றவர். பின்னாளில் அவருடைய அவையில் புலவராகவும் இருந்தவர். குறவஞ்சி நாடகத்துக்கு ஊரே கூடிய காலத்தில், அந்த வடிவத்தையே எடுத்து 1800ஆம் ஆண்டில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். கிறிஸ்துவைப் பாட வேறு நாட்டு வடிவம் ஒன்றைத் தேடிப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். எந்தச் சமயத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். அவருடைய பாடல்கள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பெயர் பெற்ற ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். சுருதிகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1916இல் பரோடா மாநாட்டில் எடுத்துரைத்து, அடுத்த ஆண்டே கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலாக வெளியிட்டார். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போன ஒருவர்தாம் பாலை, பண் என்னும் தமிழிசையின் பழைய இராக முறைகளை அவ்வளவு பாடுபட்டுத் தேடினார் என்பதை நினைக்கும்போது, என் சங்கடம் சிறியதாகிவிடுகிறது.

என் கையிலுள்ள வயலினே கடல் கடந்து வந்த வாத்தியந்தானே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் அதைத் தயக்கமின்றி வாங்கி, தந்திகளைச் சட்சம், பஞ்சமம் என்று மாற்றிக் கூட்டி, தரையில் அமர்ந்து வாசிக்கும் தமிழ் வாத்தியமாக ஆக்கிவிட்டார்கள். அவர்கள் அன்று தயங்கியிருந்தால் இன்று எனக்கு வாத்தியமே இல்லை.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் இன்றும் ஜெர்மானிய மெட்டுகளில் ஞானப்பாட்டுகள் பாடுகிறோம். என் மகள், பாட்டுக்குள் தமிழ் திணறுகிறது என்கிறாள். அவற்றை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பொறையாறு

பதில்: உங்கள் மகளுக்கு நல்ல காது. தமிழில் குறிலுக்கு ஓர் அளவும் நெடிலுக்கு ஓர் அளவும் உண்டு. செய்யுளின் நடையே அந்த அளவில்தான் நிற்கிறது. ஜெர்மானிய மெட்டுகள் அழுத்தத்தை நம்பிப் பிறந்தவை. அவற்றில் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஓர் அடி. அந்த அடிகளில் தமிழ்ச் சொல்லைக் கொண்டுபோய் வைக்கும்போது குறில் நீண்டு நெடிலாகிறது. 'மகிமை' என்ற சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றும் முழு அடி பெற்றால் காதில் 'மாகீமை' என்றுதான் விழுகிறது. 'பிதா' என்பது 'பீதா' ஆகிவிடுகிறது. கீர்த்தனையில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அங்கே சொல்லும் மெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆனாலும் விட்டுவிட வேண்டாம் என்றே சொல்வேன், அக்கா. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் கரையிறங்கியது 1706 ஜூலை 9இல். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது 1715இல். புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது 1718இல். அந்தக் காலந்தொட்டு இந்த மெட்டுகள் எங்கள் சபைகளில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. வந்த வழியில் அவை மாறியும் இருக்கின்றன. என் அப்பாயிக்கு 84 வயது. அவர் ஞானப்பாட்டுப் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆர்கன் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படியேறுவதுபோல் ஏறும். அப்பாயியின் குரல் அந்தப் படியில் கால் வைக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். வரியின் கடைசியில் ஒரு சிறு அசைவு கொடுத்து நிற்கும். எந்த இசைக்குறிப்புப் புத்தகத்திலும் அந்த அசைவு இல்லை. நடவு வயலில் பாடிய குரல், தாலாட்டுப் பாடிய குரல், அந்நிய மெட்டைத் தனக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்டது.

ஆகவே ஆர்கன் வாசிப்பவர் மெட்டை இழுத்துக்கொண்டு ஓடாமல், பாடுகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்று, அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் காத்திருந்து வாசிக்கட்டும். பாதித் திணறல் அதிலேயே போய்விடும். இன்னொன்றும் உண்டு. அடக்க ஆராதனையில், கல்லறைத் தோட்டத்தில், கையில் புத்தகம் இல்லாமலே எல்லோரும் பாடுவது இந்தப் பாட்டுகளைத்தான். துக்கத்தில் தானாக வாயில் வருகிற பாட்டை ஒரு சபையிடமிருந்து பிடுங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் சபையில் கீபோர்டு, டிரம்ஸ், வண்ண விளக்கு எல்லாம் வந்துவிட்டன. இளைஞர்களுக்குக் கீர்த்தனை பிடிக்கவில்லை, பெரியவர்களுக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லை. எதை வாசித்தாலும் பாதிச் சபை வாய் மூடி நிற்கிறது. எது சரியான ஆராதனை இசை?
– பாடகர் குழு உறுப்பினர், பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, வாத்தியத்தைப் பற்றிய வழக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, பாதிச் சபை வாய் மூடி நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்வோம். ஏன் மூடி நிற்கிறது?

என் அநுபவத்தில் முதல் காரணம் சுருதி. பல்லவி எளிதாக இருந்து, அநுபல்லவியில் மேல் ரிஷபம் என்ற உயர்ந்த சுரத்தைத் தொடும் ஒரு கீர்த்தனையை ஒன்றரைக் கட்டைச் சுருதியில் எடுத்தால், வயலில் உழைத்துவிட்டு வந்த ஆணுக்கும் அடுப்படியிலிருந்து வந்த பெண்ணுக்கும் தொண்டை எட்டும். அதே பாட்டை ஒலிப்பதிவில் கேட்ட பாடகியைப் போலப் பாட வேண்டும் என்று மூன்று கட்டைக்கு ஏற்றிவிட்டால், பல்லவியில் உடன் வந்தவர்கள் அநுபல்லவியில் நின்றுவிடுவார்கள். நின்றவர்கள் மறுபடியும் சேர்வது அரிது. கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தான் யாருடைய வசதிக்காக அழுத்தப்படுகிறது என்பதுதான் கேள்வி. இரண்டாவது காரணம், ஒலிபெருக்கி. பக்கத்தில் நிற்பவரின் குரல் என் காதில் விழாதபோது, என் குரலும் யாருக்கும் தேவையில்லை என்று எனக்கே தோன்றிவிடுகிறது. ஒரு ஞாயிறு, கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். உங்கள் சபையின் குரலை நீங்களே முதன்முறையாகக் கேட்பதுபோல் இருக்கும்.

இதைப் பிறருக்குச் சொல்லும் நான், அதே பிழையைச் செய்தவள். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் ஆராதனையில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையை எடுத்து, முன்னால் ஆலாபனை, நடுவில் கற்பனைச் சுரம், முடிவில் தீர்மானம் என்று மூன்று வாரம் பயிற்சி செய்து வாசித்தேன். ஆலயத்தில் கைதட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வாசிச்சே தங்கம். எங்களத்தான் பாட விடல" என்றார். அன்றிலிருந்து ஆலயத்தில் நான் வாசிப்பதை அந்த ஒரு வாக்கியத்தால்தான் அளந்து பார்க்கிறேன்.

என் அம்மா பிறந்தது வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில். ஆகஸ்டு 29இல் அங்கே கொடியேறும் நாளையொட்டிக் காவியுடை உடுத்து நடந்துவரும் கூட்டங்களைச் சிறு வயதில் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒரு வரியைப் பாடுவார். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். கொப்புளம் வெடித்த கால்களே தாளம். அந்தக் கூட்டத்தில் பாடகரும் கேட்பவரும் என்ற பிரிவே கிடையாது. நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த வழிபாட்டிசை அதுதான் என்பேன்.

இசை மனத்தை இழுத்துக்கொள்ளும் ஆபத்தைப் பற்றி ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். ஆலயத்தில் கேட்ட பாட்டால் கண்ணீர் விட்டதையும், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைக்கும்போது தாம் பாவம் செய்வதாக உணர்வதையும் அவர் 'அறிக்கைகள்' என்ற தம் நூலில் ஒப்புக்கொள்கிறார். அப்படியும் பாட்டை ஆலயத்திலிருந்து விலக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. பலவீனமான உள்ளமும் காதின் இன்பத்தின் வழியாக பக்திக்கு எழக்கூடும் என்று எண்ணினார். நான் அவரோடு அந்த நடுவிடத்திலேயே நிற்கிறேன். ஒரு முறை வெளியூரில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் வாசிக்கப் போனேன். ஜெப நேரத்தில் பின்னணியில் மெல்லிய சோக இசை கொடுத்தால் மக்கள் அழுவார்கள் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். கொடுத்தேன், அழுதார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேதாகமத்தில் தாவீது சுரமண்டலம் வாசித்தது சவுல் அரசனின் நெஞ்சு ஆறுதலடைவதற்காக. நான் வாசித்ததோ, பிறர் நெஞ்சில் எங்களுக்கு வேண்டியதை எழுப்புவதற்காக. அதன்பின் அத்தகைய அழைப்புகளை ஏற்பதில்லை.

டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் நீங்கள் கேட்டால், இருக்கட்டும் என்பேன். சபையின் குரலுக்குக் கீழே இருக்கட்டும்.

கேள்வி: ஹார்மோனியம் நம் இசைக்கு ஏற்றதன்று என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகத்துக்கு ஏற்றதன்று என்பது உண்மை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் உள்ள சுருதிகளை அது தொடவே முடியாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் மின்சாரமும் பணமும் இல்லாத எத்தனையோ கிராம ஆலயங்களில் ஐம்பது பேரை ஒரே சுருதியில் நிறுத்தி வைத்தது அந்தப் பெட்டிதான். எங்கள் ஆலயத்துப் பெட்டி 2018 கஜா புயலில் கூரை ஓடு பறந்து இரவெல்லாம் நனைந்தது. துருத்தியின் தோலில் பூஞ்சை பிடித்துவிட்டது, ரீடுகளில் களிம்பு ஏறிவிட்டது. நானும் இன்னொரு பெண்ணும் ஒவ்வொரு ரீடாகக் கழற்றி, மெல்லிய தூரிகையால் துடைத்து, வெயில் படாத நிழலில் துணி விரித்துக் காயவைத்தோம். இரண்டு கட்டைகள் இன்றுவரை பேசுவதில்லை. அந்தச் சுரங்கள் வரும் இடத்தில் சபையே அவற்றைப் பாடி நிரப்பிவிடுகிறது.

கேள்வி: எங்கள் பங்கில் பொங்கல் திருப்பலிக்குத் தப்பு (பறை) அடிக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டபோது, அது சாவு மேளம், கோயிலுக்குள் வேண்டாம் என்று சிலர் தடுத்துவிட்டார்கள். உங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், நன்னிலம் வட்டம்

பதில்: அடிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

சாவுக்கு அடிக்கப்படுகிறது என்பதால் ஒரு வாத்தியம் தீட்டாகும் என்றால், சாவுக்கு அடிக்கப்படும் ஆலய மணியை என்ன செய்வது? தடுத்தவர்களின் மனத்தில் இருப்பது வாத்தியத்தைப் பற்றிய கவலையாக எனக்குத் தோன்றவில்லை. அதை வாசிக்கும் கைகளைப் பற்றிய பழைய எண்ணம்தான் வேறு பெயரில் வருகிறது. நம் திருச்சபைகளின் வரலாற்றில் இந்தக் கறை உண்டு. தஞ்சை மிஷன் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த காலம் இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அந்த வேறுபாடுகளை நீக்கச் சொன்னபோது எதிர்ப்புக் கிளம்பியது. நான் மேலே அன்போடு குறிப்பிட்ட வேதநாயக சாஸ்திரியாரும் இந்த விவகாரத்தில் சாதி ஆசாரத்தின் பக்கமே நின்று எழுதினார். அவருடைய பாட்டுகளை நான் நேசிக்கிறேன். அவருடைய அந்த நிலை தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும். கீர்த்தனை மரபில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, உழைக்கும் மக்களின் மெட்டையும் தாளத்தையும் வழிபாட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். உங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில், 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது. தடுத்தவர்களிடம் அதைக் காட்டுங்கள்.

நான் தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாசிக்கும் முன்பு வைக்கோலைக் கொளுத்தி அந்த நெருப்பில் தோலைக் காட்டுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டு என்பார்கள். தோல் இறுகி, குரல் மேலே ஏறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்துவார்கள். நான் வயலினின் பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதும் அவர்கள் நெருப்பில் சுருதி சேர்ப்பதும் ஒரே வேலை. காதின் நுட்பத்தில் அவர்கள் எனக்கு ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் கர்த்தர், "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்கிறார். அடுத்த வசனத்திலேயே நியாயம் தண்ணீரைப் போலவும் நீதி வற்றாத நதியைப் போலவும் புரண்டு வரட்டும் என்கிறார். கடைமடையில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த வசனத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு நாம் உள்ளே எவ்வளவு சுத்தமான சுருதியில் பாடினாலும், அது கேட்கப்படும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கேள்வி: ஆலயத்தில் வாசிப்பதற்குப் பணம் வாங்கலாமா?
– கீபோர்டு கலைஞர், திருவாரூர்

பதில்: வாங்கலாம். முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் கர்த்தரைப் பாடக் கற்றுத் தேறிய 288 பேரின் கணக்கு இருக்கிறது. அதே புத்தகத்தின் 9ஆம் அதிகாரம், பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் வேலையில் இருந்தபடியால் மற்ற வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்கள் என்கிறது. உங்களுக்கும் வீடும் வாடகையும் உண்டு. நான் என் சபையில் வாங்குவதில்லை, ஏனென்றால் வயலின் வகுப்புகளால் என் செலவு நடக்கிறது. இது என் வசதியே தவிர என் புண்ணியம் இல்லை.

கேள்வி: மேடையில் நிற்கும்போது விசுவாசமே வற்றிப்போனதுபோல் இருக்கும் நாட்கள் உங்களுக்கு உண்டா? அப்போதும் பாடுவது வேடம் ஆகாதா?
– ஒரு கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. மிக நீண்ட காலம் இருந்தது 2018இன் இறுதியில். எனக்கு அப்போது 20 வயது.

நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. டிசம்பரில், வழக்கமான கேரல் பவனியை விட்டுவிட்டு, அரிசியும் மெழுகுவத்தியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு எங்கள் பாடகர் குழு பட்டுக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போயிற்று. பெற்ற பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்ந்து தோப்புத் தோப்பாகக் கிடந்தன. எங்கள் கையில் அச்சிட்ட பாட்டுத் தாள்கள் இருந்தன. எல்லாம் மகிழ்ச்சிப் பாட்டுகள். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா, "வந்தது வந்தீங்க, ஒரு பாட்டுப் பாடிட்டுப் போங்க" என்றார். எங்களில் ஒருவராலும் தொடங்க முடியவில்லை. என் உள்ளத்தில் அன்று கடவுளின்மேல் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த ஆத்தாவே தொடங்கினார். செஞ்சுருட்டி இராகத்தில் ஒரு பழைய கீர்த்தனை. குரல் உடைந்துபோயிருந்தது. இரண்டாம் சரணத்தில் வரி மறந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் அதை எடுத்துக்கொண்டார். அப்புறம் இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்தார்கள். நான் வயலினை எடுத்து, அவர்கள் நின்ற சுருதிக்குப் பிருடையைத் திருகி, சட்சத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து ஒரே நீண்ட வில்லாக இழுத்துக்கொண்டே இருந்தேன். வேறு எதையும் வாசிக்கவில்லை. எனக்கு விசுவாசம் இல்லாத அந்தப் பத்து நிமிடமும் அவர்களுடைய விசுவாசத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வேடம் என்று கேட்டீர்கள். 137ஆம் சங்கீதத்தில் பாபிலோன் ஆறுகளின் அருகே உட்கார்ந்து அழுதவர்கள் தங்கள் கின்னரங்களை அலரிச் செடிகளின்மேல் தூக்கி வைத்துவிட்டார்கள். பாட முடியவில்லை என்று அவர்கள் சொன்னதையே திருச்சபை பாட்டாக வைத்துக் காப்பாற்றி வருகிறது. ஆகவே வற்றிய நாளில் வற்றியிருக்கிறது என்று பாடுவது வேடம் ஆகாது. ததும்புவதாகக் காட்டிக்கொள்வதுதான் வேடம். இயேசுவும் சீடர்களும் கடைசி இரவு உணவுக்குப் பின் ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். சில மணி நேரத்தில் காட்டிக்கொடுக்கப்படப் போகிறவர் அந்தப் பாட்டை எந்தக் குரலில் பாடியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். உங்களுக்குப் பாட வராத ஞாயிற்றுக்கிழமையில் குழுவை விட்டு இறங்கிச் சபையாரின் நடுவில் போய் உட்காருங்கள், தங்கையே. உங்களுக்காக மற்றவர்கள் பாடுவார்கள்.

கேள்வி: என் பாட்டி பாடும் கீர்த்தனையின் மெட்டும், புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் அச்சிட்டுள்ள இராகமும் ஒத்துப்போகவில்லை. எதைப் பின்பற்றுவது?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் பாட்டியைப் பதிவு செய்யுங்கள். மற்றவை அப்புறம். புத்தகத்தில் ஆனந்தபைரவி என்றும் சாப்பு தாளம் என்றும் இருக்கும். ஊரில் பாடுவது வேறொன்றாக இருக்கும். எங்கள் பக்கத்திலும் இப்படிப் பல பாட்டுகள் உண்டு. அச்சில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பாட்டியின் மெட்டு அவருடைய தொண்டையில் மட்டுமே இருக்கிறது. கைப்பேசி போதும். காற்று நேரே படாத இடத்தில் அதை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாமல், யாரிடம் கற்றார், எந்த ஆலயத்தில், எந்தப் பண்டிகைக்குப் பாடினார்கள் என்று கேட்டு அதையும் பதிவு செய்யுங்கள். எல்லாச் சரணங்களையும் பாடச் சொல்லுங்கள், ஏனென்றால் பல மெட்டுகளில் கடைசிச் சரணத்தில்தான் புதிய சங்கதி, அதாவது மெட்டில் ஒரு மாறுதல், வரும்.

என்னிடம் அப்பாயி பாடிய 31 பாட்டுகள் இருக்கின்றன. பத்தொன்பதாவது பாட்டில் நடுவே குக்கர் விசில் அடிக்கிறது. அப்பாயி பாட்டை நிறுத்தாமல், அதே மெட்டில், "அடுப்ப அணைம்மா" என்று என்னிடம் பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்.